ஆளில்லாத முக்கால் கிலோமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த செயலி அந்தக் கோபத்தில்தான் பிறந்தது. ஒரு பெண்ணைக் காப்பாற்றக் கிளம்பி, அவள் படிப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

கொல்லிமலையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எங்கள் ஊரில் வாசலில் நின்றால் அடுத்த ஊரில் திரும்பும் பஸ் தெரியும். இங்கே பக்கத்து வீடே ஒரு பள்ளத்துக்கு அந்தப் புறம் இருக்கும். "ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு எறங்கி வந்துடு" என்று சொல்லி வீட்டில் அனுப்பி வைத்தார்கள். இது ஐந்தாவது வருடம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஐப்பசியிலேயே மாலை சிறப்பு வகுப்பு தொடங்கிவிடும். முடிய ஆறரை ஆகும். சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்பார்கள்; குண்டூர் நாட்டுப் பக்கம் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடும். அந்த வழியில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து நான்கு பெண்கள் படித்தார்கள். வகுப்பு முடிந்து நடந்துதான் போவார்கள். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் தார் ரோடு, ஒரு வளைவில் பெட்டிக்கடை, அங்கிருந்து மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே மண் பாதை.

ஒருநாள் காலை அந்த நால்வரில் ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். வகுப்பில் என்னை அதிகம் கேள்வி கேட்கிறவள் அவள். "இது ஏன் டீச்சர் இப்படி? அப்படி எழுதினா என்ன ஆகும்?" என்று பிராணனை வாங்குவாள். கணினி அறிவியல் பட்டப்படிப்புக்குப் போவேன் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் கிடையாது.

"கால்ல என்ன?"

"விழுந்துட்டேன் டீச்சர்."

மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். துருவித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. அருவி பார்க்க வந்த கார் ஒன்று, முகப்பு விளக்கை அணைத்துவிட்டு, இவர்கள் நடைக்குச் சரியாகப் பின்னாலேயே ஊர்ந்து வந்திருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் ஏதேதோ கேட்டிருக்கிறார்கள். நான்கு பேரும் ரோட்டோரத்தில், இங்கே குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளிக் காட்டுக்குள் குதித்துப் படுத்துக்கொண்டார்கள். இவளுக்கு முழங்கால் தோல் போய்விட்டது. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தலைமையாசிரியரிடம் போனேன். அவரும் கீழேயிருந்து வந்தவர்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், யாரையும் கடிந்து பேச மாட்டார், எதற்கும் பயப்படுவார். அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்தார். ரோந்து வண்டியும் இரண்டு நாள் வந்து போனது. பிறகு அவர் ஒரு முடிவு சொன்னார்.

"பொம்பளப் பிள்ளைங்க மட்டும் நாலு மணிக்கே கெளம்பட்டும் டீச்சர். ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"அப்ப பசங்க மட்டும் படிச்சாப் போதுமா சார்?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சார் ஆகும். எனக்கு மூணு வாரம் குடுங்க, நான் ஒரு ஆப் செஞ்சு தர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்னதைச் செய்யாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

மூன்று வாரம் தூக்கம் கெட்டு அதைச் செய்தேன். வரைபடத்தில் பள்ளிக்கு ஒரு புள்ளி, ஒவ்வொரு மாணவியின் வீட்டுக்கும் ஒரு புள்ளி. நடுவில் சிவப்பாக ஒரு பெரிய பொத்தான்; அமுக்கினால் காது கிழிகிற சத்தம் எழும்பும். மலையில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அதற்கும் ஒரு வழி வைத்தேன். பள்ளியில் கிளம்பும்போது ஒரு தட்டு தட்டினால் சர்வரில் நேரம் ஓடத் தொடங்கும். போன் வீட்டுப் புள்ளியைத் தொட்டதும் நின்றுவிடும். ஒன்றரை மணி நேரத்துக்குள் நிற்கவில்லையென்றால் ஆபத்து என்று அதுவே முடிவு செய்து எச்சரிக்கை அனுப்பும். உதவி சீக்கிரம் வரட்டும் என்று, அந்த எச்சரிக்கையைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கே போகும்படி செய்தேன். அதை எழுதி முடித்த அன்று என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் காட்டினேன். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். நொண்டிக்கொண்டு வந்தாளே, அவளுடைய அப்பா மட்டும் எழுந்தார். மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி. அளந்துதான் பேசுவார்.

"ஏனுங்க டீச்சர், நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா அந்தப் போன ஆருங்க கொண்டு போறது? எங்கூட்டுல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அது எங்கிட்ட இருக்குது."

மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. பிறகு என் பழைய போனைக் கொடுப்பதாகச் சொன்னேன். நால்வரும் சேர்ந்தே போவதால் ஒன்று போதும், உங்கள் பெண்ணே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் போனது. கார்த்திகை வந்தது. ராகி கதிர் முற்றிவிட்டது, குச்சிக்கிழங்கு பருத்துவிட்டது, காட்டுப்பன்றி பயிரில் இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த மாதத்தில் இங்கே யாரும் வீட்டில் தூங்குவதில்லை. பயிரைக் காக்கக் காட்டிலேயே ஓலைக் கொட்டாய் போட்டு, பாத்திரம் பண்டத்தோடு குடும்பமே அங்கே போய்விடும். பொங்குவது, தின்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் கொட்டாயில்தான். இது எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் இருக்கிறேன், கார்த்திகையில் ஒருநாள்கூட ஒரு மாணவி வீட்டுக்கு நான் போனதில்லை.

அன்று சாயங்காலம் அவள் கிளம்பும்போது தட்டினாள். பாதி மண் பாதையில் மற்ற மூவரிடமும் சொல்லிக்கொண்டு, காட்டுக்குப் பிரிகிற தடத்தில் இறங்கி, அம்மா இருந்த கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தாள். கொட்டாய் பள்ளத்துக்குள் இருக்கிறது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டுப் புள்ளியை யாரும் தொடவில்லை. சரியாக எட்டு மணிக்கு என் செயலி தன் வேலையைச் செய்தது. அவள் பெயர், வகுப்பு எல்லாம் போட்டு, கீழே தடித்த எழுத்தில், "வீடு வந்து சேரவில்லை" என்று நூற்றுச் சொச்சம் பேர் இருந்த குழுவுக்கு அனுப்பியது.

அவள் அப்பா அன்று கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியிருந்தார். அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவர் போனில் அந்தச் செய்தி விழுந்தது. கொட்டாய்க்குப் பேச வழியில்லை. கிடைத்த லாரியில் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே மேலே வந்தார். அதற்குள் அடுத்த ஊர்க்காரர்கள் டார்ச்சோடு தேடிக்கொண்டு கொட்டாய்க்குப் போய்விட்டார்கள். அவள் களியைத் தின்றுவிட்டு பேட்டரி விளக்கடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தேடல் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பேச்சு முடியவில்லை. என் எச்சரிக்கையை ஆளாளுக்கு அடுத்த குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். விடிவதற்குள் அது குண்டனி நாடு வரைக்கும் போய்விட்டது. "தவறான எச்சரிக்கை, மாணவி பத்திரமாக உள்ளார்" என்று அன்று இரவே நான் போட்டேன். அது மூடி மறைக்கிற மாதிரி இருந்ததே தவிர, அதை நம்பியவர் யாரும் இல்லை. ஒரு பெண் ராத்திரி வீடு வந்து சேரவில்லை என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பழைய போன் ஒரு துணிப்பையில் சுற்றி என் மேசைக்கு வந்தது.

அன்று சனிக்கிழமை. மதியமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மண் பாதை தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்தேன். அவள் அப்பா கொட்டாய் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அவள் உள்ளேயே இருந்தாள், வெளியே வரவில்லை.

"ஏங்க, நெட்வொர்க் இல்லாததால வந்த தப்புங்க அது..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க டீச்சர். எம் புள்ளையக் கொண்டு போயி ஊரு வாயில போட்டுட்டீங்க." குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்குப் பொண்ணு கேட்டு வாரவன் இதத்தானுங்க மொதல்ல கேப்பான். ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் இப்பவே கேக்கறாங்க. படிச்ச வரைக்கும் போதுமுங்க."

"நான் என்ன செஞ்சா சரியாகும்? சொல்லுங்க, செய்யறேன்."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "ஊர்ல போட்ட சேதிய ஊர்லதானுங்க எடுக்கோணும். போன்ல எடுத்தா எடுத்தாப்புல ஆவுமுங்களா?"

எழுந்தேன். கோபம் வந்தது. இந்த முறை திட்டுவதற்கு என்னைத் தவிர யாரும் கிடைக்கவில்லை.

அவளுடைய அம்மா ரோடு வரைக்கும் கூட வந்தார். பாதி வழியில் நான் கேட்டேன், "அன்னிக்கு ராத்திரி நீங்க பயந்துட்டீங்களா?"

"நான் எதுக்குங்க பயப்படறேன்? புள்ள பக்கத்துல உக்காந்து களி தின்னுட்டு இருக்குது."

"அதுக்கு முன்னாடி? அவ வர்ற வரைக்கும்?"

"அவ ரோட்டுக் கடையத் தாண்டுனதுமே எனக்குத் தெரியுமுங்களே. கடைக்கார அக்கா சத்தம் குடுப்பாங்க. அது பலா மரத்தூட்டுக்குக் கேக்கும். அவங்க குடுக்கற சத்தம் எங்க கொட்டாய்க்குக் கேக்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தானுங்க நான் ஒலையே வெப்பேன்."

நான் நின்றுவிட்டேன். "தினமுமா?"

"பின்ன? புள்ளைங்க நடந்து வாரப்ப, வழியில இருக்கறவங்க சத்தம் குடுக்காம இருப்பாங்களா?" என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பள்ளிக்கூடத்து டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

அன்று எச்சரிக்கை போனபோது அவள் வந்து சேர்ந்தது அந்தப் பாதையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் மலையடிவாரத்தில் இருந்த அவள் அப்பாவும், அடுத்த ஊர்க்காரர்களும், நானும்தான்.

திங்கட்கிழமை முதல் ஸ்கூட்டரைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு, மற்ற மூன்று பெண்களோடு நானும் நடந்தேன். வரைபடத்தில் அந்தப் பாதையை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். நடந்தது அதுதான் முதல் முறை. முதல் நாளே மூச்சு வாங்கி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஒரு வாரம் நடந்தேன். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் பட்டாணிப் பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டு, வாயருகே கையைக் குவித்து நீளமாக ஒரு கூவல் போடுவார். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து இன்னொரு கூவல் வரும். மண் பாதையில் ஒரு வீட்டைத் தாண்டினால், "எந்தூட்டுப் புள்ள கண்ணு?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். அவர்களுக்குத் தெரியாமல் கேட்பதில்லை. இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சத்தமாகப் பதில் சொல்ல வைப்பதற்காகக் கேட்கிறார்கள்.

ஆனால் பள்ளி வாசலிலிருந்து அந்தப் பெட்டிக்கடை வரைக்கும் தார் ரோட்டில் ஒரு வீடு கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் குச்சிக்கிழங்குக் காடு. முக்கால் கிலோமீட்டர். கார் ஊர்ந்து வந்தது அங்கேதான். மூன்று கிலோமீட்டருக்கும் காவல் போடுகிறேன் என்று கிளம்பிய நான் இந்த முக்கால் கிலோமீட்டரை மட்டும் பார்த்திருந்தால் போதும். மீதிக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊர்க்கூட்டம் என்று தெரிந்தது. நான் வந்து பேச வேண்டும் என்று அவள் அப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார்.

"நீங்க கவர்மெண்ட் ஸ்டாஃப். கூட்டத்துல போய் நின்னு தப்புன்னு சொன்னா நாளைக்கு உங்க மேலேயே மனுவா மாறி வரும் டீச்சர். வேணும்னா நான் ஒரு விளக்கக் கடிதம் தர்றேன்."

"கடிதத்தை யார் சார் படிப்பாங்க? நான் போட்ட செய்தியை அவங்க அத்தனை பேரும் படிச்சாங்க."

"உங்க இஷ்டம்" என்றார். ஆனால் கூட்டத்தன்று கோயில் மைதானத்தின் ஓரத்தில், குடையை ஊன்றிக்கொண்டு அவரும் வந்து நின்றிருந்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன். சிக்னல், சர்வர் என்று ஒரு விளக்கத்தை நான்கு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அத்தனை முகத்தைப் பார்த்ததும் அது ஒன்றும் வாயில் வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு நேரத்துக்கு அம்மாகிட்டப் போய்ச் சேர்ந்துட்டா. கொட்டாய்ல இருந்தா. வரலன்னு செய்தி போட்டது நான். மிஷின் மேல பழி போட மாட்டேன். கார்த்திகைல நீங்க எங்க இருப்பீங்கன்னு நான் யாரையும் கேக்கல. தெரியாம எழுதுனேன். தப்பு என்னோடது."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கடைக்கார அம்மா எழுந்தார்.

"அன்னிக்கு நாந்தானுங்க சத்தம் குடுத்தேன். நாலு புள்ளையும் சேந்து என் கடையத் தாண்டுச்சு. பலா மரத்தூட்டுக்காரி திருப்பிக் குடுத்தா. இதுல இன்னும் ஆருக்கென்ன கேக்கோணும்? கேளுங்க, நான் சொல்றேன்."

கேட்பதற்கு யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டுக்கிட்டோமுங்க" என்றார். சுற்றிலும் பத்து இருபது குரல் அதையே சொன்னது. அடுத்து தண்ணீர்த் தொட்டி விவகாரத்துக்குப் போய்விட்டார்கள். பத்து நாளாக நான் சுமந்ததை இரண்டு நிமிடத்தில் இறக்கி வைத்தாயிற்று.

அவள் அப்பா என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. திங்கட்கிழமை காலை மணியடித்த பிறகு, அவள் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். விட்டுப்போன பாட நோட்டை அதற்குள் பக்கத்துப் பெண்ணிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தாள்.

அன்று இடைவேளையில் அவளைக் கணினி அறைக்குக் கூப்பிட்டேன். "என் மேல கோபமா?"

"ஆமாங்க டீச்சர்" என்றாள் பளிச்சென்று. "நீங்க என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல? தெனமும் நான் உங்களை எத்தனை கேள்வி கேக்கறேன்."

பிறகு அவளையே பக்கத்தில் உட்கார வைத்து இரண்டாவது செயலியை ஆரம்பித்தேன். நான் எழுதுவேன், அவள் குறுக்கே கேட்பாள். சிவப்புப் பொத்தானை அவள்தான் தூக்கச் சொன்னாள். "கார் பின்னால வந்தா நான் ஓடுவனா, போனைத் தொறந்து பொத்தானைத் தேடுவனா?" வாட்ஸ்அப் குழு போனது. வீட்டுப் புள்ளி போனது. பிள்ளைகள் கையில் போனே வேண்டாம் என்று முடிவு செய்தோம். பள்ளி ஜன்னலில் என் பழைய போன் இருக்கும். கிளம்பும்போது நான் அதில் ஒரு தட்டு தட்டுவேன். நால்வரும் கடையைத் தாண்டியதும் கடைக்கார அம்மா தன் பட்டன் போனிலிருந்து அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இருபது நிமிடத்துக்குள் அது வராவிட்டால் ஒரே ஒரு போன் மட்டும் அடிக்கும், என்னுடையது. வேறு யாருக்கும் ஒரு எழுத்துகூடப் போகாது. அடித்தால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டும். அவ்வளவுதான் செயலி.

கடைக்கார அம்மாவிடம் விளக்கப் போனால் அவருக்கு ஒரு சந்தேகம். "போன் அடிச்சுட்டா சத்தம் குடுக்கறத நிறுத்தீரோணுமுங்களா?"

"ஐயையோ, அதை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன்.

மார்கழி முழுவதும் ஆறே முக்காலுக்கு ஜன்னலில் வெளிச்சம் வரும். திரையில் "கடந்தாச்சு" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையும் அவள் வைத்ததுதான்.

தை மாதத்தில் ஒருநாள் அது வரவில்லை. இருபதாவது நிமிடம் என் போன் அடித்தது. ஸ்கூட்டரைக் கிளப்பினேன். பாறை ஓரம் ஒரு கார் நின்றிருந்தது. பாட்டு அலறியது. கதவு இரண்டும் திறந்து கிடக்க, ரோட்டிலேயே பாட்டிலோடு மூன்று பேர். இந்தப் பக்கம், காருக்குக் கொஞ்சம் முன்னாலேயே, நான்கு பெண்களும் பாறையோடு ஒண்டி நின்றிருந்தார்கள். ஸ்கூட்டர் விளக்கைப் பிள்ளைகள் மேல் படும்படி நிறுத்திவிட்டு, நான் இறங்கி காரை நோக்கி நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கோபம் நடத்திக்கொண்டு போனது.

அதே நேரம் காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம் வந்தது. முன்னால் கடைக்கார அம்மா, கூட இரண்டு பெண்கள், பின்னால் அவள் அப்பா. தோளில் மண்வெட்டி, காட்டுக்குப் போகிறவர் போலத்தான் வந்தார்.

"ஏனுங்க, இங்க வண்டி நிறுத்தக்கூடாதுங்க. புள்ளைங்க நடக்கற ரோடுங்க" என்றார். அதே குரல், உயர்த்தவே இல்லை. கார்க்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், மண்வெட்டியைப் பார்த்தார்கள், இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார்கள். பாட்டு நின்றது. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்கள். வண்டி எண்ணை நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் புகாரோடு கொடுத்தேன்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"கடைக்கு வந்தனுங்க. புள்ளைங்க வந்தாச்சான்னு கேட்டேன். இன்னும் காணமேன்னாங்க. நீங்க அந்தப் பக்கமிருந்து வாரீங்கன்னு தெரியுமுங்க. அதான் நாங்க இந்தப் பக்கமா வந்தோம்."

அன்று இரவு பெற்றோர் குழுவில் வழக்கம்போல ரோஜாப்பூப் படம் போட்டு ஒருவர் இனிய இரவு சொல்லியிருந்தார். வேறு ஒரு செய்தியும் இல்லை. அந்த ரோஜாப்பூவைப் பார்த்து நான் அழுதேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்கு பெண்களும் தேர்வு எழுதினார்கள். நால்வரும் தேறினார்கள். கேள்வி கேட்கிறவளுக்கு சேலத்தில் ஒரு கல்லூரியில், அவள் கேட்ட பாடத்திலேயே இடம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த வாரம், ஒரு மாலை என் போன் அடித்தது. அவள் அப்பா. அதுவரைக்கும் அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"டீச்சருங்களா? புள்ள பேசுச்சுங்க. கம்ப்யூட்டர் கிளாஸ் முடிய ஏழு மணி ஆவுதாமா. பஸ் எறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கோணுமாமா." பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "அங்க சத்தம் குடுக்க ஆளிருக்குதுங்களா?"

இருப்பார்கள் என்று சொல்லலாம். பெரிய ஊர், தெருவெல்லாம் விளக்கு, கேமரா என்று அடுக்கலாம். தெரியாமல் சொல்லி ஒருமுறை பட்டது போதும்.

"தெரியலங்க. கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அன்றே அவளுக்கு எழுதினேன். பஸ் நிறுத்தத்திலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் நடந்து பார், ஏழு மணிக்கு யார் யார் எந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார், ஆளில்லாத தூரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார். நான்கு நாள் கழித்து பதில் வந்தது. ஒரு ஜெராக்ஸ் கடை, மூடியிருக்கிறது. ஒரு தையல் கடை, நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒரு பூக்காரம்மா, திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். "நான் நின்னு பேசினேன் டீச்சர். எந்த ஊருப் புள்ளன்னு கேட்டாங்க. சொன்னேன். நாளைக்கு நீ வரலன்னா நான் யாரைக் கேக்கறதுன்னு கேட்டாங்க. உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்."

அதை அப்படியே அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மகிழ்ச்சியாக ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணு எப்படிங்க டீச்சர் பத்தும்?" என்றார். "இங்க கடை, பலா மரத்தூடு, கொட்டாய்னு மூணு இருந்துச்சுங்களே."

"பத்தாதுதாங்க" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அந்தத் தையல்காரரிடம் ஒரு ரவிக்கை கொடுத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும்.